ஒரே முகமா வானொலிக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வானொலி பற்றிய கட்டுரையில் ஒரு வரி: ‘எஃப்.எம். வரும்வரை கச்சேரியையும் வயலையும் தவிர வேறறியாத நிலையம் சென்னை வானொலி.’ எழுதியவர் இளைஞர் என்பது படத்திலேயே தெரிகிறது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அதைப் படித்துப் பார்த்து அச்சுக்கு அனுப்பிய தாங்கள் என் வயதுக்காரர் என்பதுதான் வருத்தம்.

முதலில், எந்த எஃப்.எம்.? இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பே 1977இல் இதே சென்னையில், இதே நிலையம் தொடங்கியதுதான். தாங்கள் அறியாததல்ல.

1924இல் இதே சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் ரேடியோ கிளப் தொடங்கி ஒலிபரப்பினார்கள். மூன்றே ஆண்டில் பணம் தீர்ந்து, ஒலிபரப்புக் கருவியை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டு ஓய்ந்தார்கள். 1930 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பியது. குப்பை அள்ளும் மாநகராட்சி பாட்டும் போட்டது என்றால் இன்று யார் நம்புவார்கள்? கடற்கரையில் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று கேட்டதை என் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1938 ஜூன் 16 அன்றுதான் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது.

அதன் பிறகும் ஒரே முகமா? 1940இல் ஆர்மோனியத்தை வெளியே தள்ளினார்கள். 1971இல்தான் மறுபடி உள்ளே விட்டார்கள். 1952இல் கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரானதும் வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கேடு வந்தது. பாட்டு வேண்டுமென்றால் கொழும்புக்குத்தான், அதாவது இலங்கை வானொலிக்குத்தான், போக வேண்டும். முள்ளைத் திருப்பி ஊரே போனது. 1957இல் அகில இந்திய வானொலியே சினிமாப் பாட்டுக்கென விவித பாரதியைக் கொண்டுவந்த பிறகும் எங்கள் வீட்டில் இலங்கை வானொலிப் பழக்கம் விடவில்லை. வால்வு சூடேறிக் குரல் வருவதற்குள் அம்மா காப்பி ஆற்றி முடித்திருப்பாள். பின்னால் விவித பாரதியில் விளம்பரம் புகுந்தபோது, “பாட்டுக்கு நடுவில் பற்பொடி விற்கிறானே” என்று அதே அம்மா ரேடியோவை ஒரு வாரம் தொடவில்லை. இத்தனையும் எஃப்.எம்.முக்கு முன்னால் நடந்தவை, ஐயா.

இத்தனை மாற்றத்திலும் கேட்பவனை ஒருவரும் கேட்கவில்லை என்பது வேறு கதை. அப்பா ஆண்டுதோறும் தபால் அலுவலகத்தில் வரிசையில் நின்று ரேடியோ லைசென்ஸ் கட்டினார். ஒருமுறை நாள் தவறி அபராதமும் கட்டினார். அந்தச் சின்னப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது, முத்திரைகளோடு. பணம் கட்டியவர் கருத்துக்கு அன்று மதிப்பில்லை. சந்தா கட்டுகிறவன் கருத்துக்கு இன்று உண்டா என்று தங்களிடம் கேட்கலாமா? தங்கள் நாளிதழ் அன்றாட வானொலி நிகழ்ச்சிப் பட்டியலை நிறுத்தியபோது இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மூன்றாவதாக வேறெதற்கோ எழுதிய கடிதத்தை மட்டும் பாதியாக வெட்டி வெளியிட்டீர்கள். வெட்டிய பாதியில்தான் விஷயம் இருந்தது.

நான் இன்னமும் சென்னை வானொலியை மத்திய அலையில், 720 கிலோஹெர்ட்ஸில்தான் கேட்கிறேன். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் உறும ஆரம்பித்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய், துணி காயும் கம்பிக்குக் கீழே சற்றுச் சாய்வாகத் திருப்பி வைக்க வேண்டும். அந்தக் கோணம் என் மனைவிக்குத்தான் சரியாகத் தெரியும். மருமகள் ‘செல்போனில் வருமே’ என்கிறாள். வரும்தான். ஆனால் கரன்ட் போன இரவில், புயல் நேரத்தில், டவரும் போன பிறகு எது வந்தது என்று அவளைக் கேட்டேன். பதில் சொல்லாமல் சிரித்தாள். நல்ல பெண்.

திருத்தம் போடுவீர்கள் என்ற ஆசை எனக்கில்லை. ராசிபலனுக்கு முக்கால் பக்கம் ஒதுக்கும் இதழில், டி.வி. நிகழ்ச்சிகளுக்குக் கீழே வானொலிக்கு இரண்டு வரி, நேரத்தோடும் அலைவரிசையோடும் தினமும் போட முடியுமா? எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நாற்பது ஆண்டுச் சந்தாதாரர்,
திருவல்லிக்கேணி, சென்னை.