வெளியூர் என்று மட்டும் சொல்

மக்களே,

ஞாயிற்றுக்கிழமை போனில் "வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டேன். இரண்டு நொடி சும்மா இருந்துவிட்டு "நல்லா போகுதும்மா" என்றாய். முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தவளுக்கு மழுப்பல் தெரியாதா? ஏவுகணை வேலை, வெளியே சொல்லக்கூடாது, புரிகிறது. இனி கேட்க மாட்டேன். ஆனால் பேப்பரில் வருவதைப் படிக்க எனக்கு யாரும் தடை போடவில்லை.

நிர்பய் ஏவுகணையின் கதையைப் பழைய நோட்டில் தேதிவாரியாக எழுதி வைத்திருக்கிறேன். 2013 மார்ச் 12, ஒடிசா கடற்கரையில் இருக்கும் சண்டிப்பூரில் முதல் சோதனை. பாதை விலகியதால் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். 2014 அக்டோபரில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்தது. ஜெயித்தாயிற்று என்று பார்த்தால் 2015-லும் தோல்வி, 2016-லும் தோல்வி. 2017 நவம்பரில் மறுபடி 647 கிலோமீட்டர். 2020-ல் எட்டே நிமிஷத்தில் நின்றது. 2024 ஏப்ரலில் ரஷ்ய எஞ்சினுக்குப் பதில் நம் நாட்டிலேயே செய்த எஞ்சினோடு பறந்து காட்டியது. என் மாணவன் எவனாவது இப்படி மார்க் வாங்கியிருந்தால் அவன் அப்பாவைக் கூட்டிவரச் சொல்லியிருப்பேன்!

ஆனால் இது வீசியெறிந்த கல் இல்லையே. பூஸ்டர் ராக்கெட் மேலே தூக்கிவிட்டுக் கழன்றுகொள்ளும், இறக்கை விரியும், பிறகு ஒலியைவிடக் குறைந்த வேகத்தில் குட்டி விமானம் மாதிரி ஒரு மணி நேரம் தாழப் பறக்க வேண்டும். கரண்ட் போன ராத்திரியில் நான் அடி எண்ணியே அடுக்களைக்குப் போவேனே, அதுவும் அப்படித்தான் வழி கண்டுபிடிக்கிறது. அடிக்கு ஒரு விரற்கடை தப்பினாலும் போகப்போகச் சேர்ந்துகொண்டே போகும். நான் நடுநடுவே சுவரைத் தொட்டுப் பார்ப்பேன், அதற்குச் செயற்கைக்கோள். இது புரிந்தபிறகு அந்தத் தோல்விகள்மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

அப்பாவுக்கு வேறு கவலை. "ஆளைக் கொல்லுற சாமான்தானே" என்கிறார். பிரம்மோஸ் ஏவுகணையை உருவாக்கிய சிவதாணு பிள்ளை நம்ம நாகர்கோவில்காரர்தான் என்று பெருமையாகச் சொல்லிப் பார்த்தேன். அதற்கு அவர் 2022 மார்ச் 9-ஐ எடுத்துப் போட்டார். அன்றைக்கு நம் பக்கத்திலிருந்து தவறுதலாகக் கிளம்பிய பிரம்மோஸ் ஒன்று பாகிஸ்தானின் மியான் சன்னு பக்கத்தில் போய் விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விதிமுறைப்படி நடக்கவில்லை என்று விமானப்படை அதிகாரிகள் மூன்று பேரை வேலையைவிட்டு நீக்கினார்கள். எனக்குப் பதில் வரவில்லை. துல்லியம், துல்லியம் என்று எத்தனை தடவை படித்தாலும், ஏவுகிற கை தப்பினால் அந்தத் துல்லியத்தை வைத்து என்ன செய்ய? உன் மனதிலும் இது ஓடும் என்று எனக்குத் தெரியும். அதற்கு உன்னிடம் பதில் இருக்க வேண்டும் என்றில்லை.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன். ஈரக் கரண்டி போடாதே.

சண்டிப்பூருக்குப் போக நேர்ந்தால் "வெளியூர் போறேன்மா" என்று மட்டும் சொல், போதும். அங்கே கடல் வற்றும்போது சில கிலோமீட்டர் தூரம் உள்வாங்கிவிடுமாம். சங்குத்துறைக் கடலைப் பார்த்து வளர்ந்த எனக்கு நம்பவே முடியவில்லை. நேரம் கிடைத்தால் அந்த மணலில் நடந்து பார்த்துவிட்டு வந்து சொல். அது ஒன்றும் ரகசியமில்லையே.

அம்மா