திருமணத்துக்குப் பிறகு அவள் ஏன் படிக்கவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் இதழில் வெளிவந்த சரித்திரக் காதல் தொடர் சென்ற இதழோடு நிறைவுபெற்றது. 1830களின் இங்கிலாந்தில், நாட்டுப்புற மாளிகை ஒன்றின் இளம் பிரபுவுக்கும், அங்கே வேலைபார்த்த, புத்தகப் பித்துப் பிடித்த ஒரு பணிப்பெண்ணுக்கும் இடையே அரும்பிய காதலைச் சொன்ன அந்தத் தொடரை முதல் அத்தியாயத்திலிருந்து ஒன்றுவிடாமல் படித்தவள் நான். மனம் ஒன்றிப் படித்ததால்தான், முடிவைப் பற்றிய என் வருத்தத்தையும் எழுதத் தோன்றியது.

முதலில் எனக்கு மிகவும் பிடித்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்காலத்தில் பல புத்தகங்கள் தாள்மடிப்புகள் வெட்டப்படாமலே கடைக்கு வந்தன. வாங்கியவர்தான் காகிதக் கத்தியால் மடிப்புகளை ஒவ்வொன்றாக அறுத்துப் பிரித்துக்கொண்டு படிக்க வேண்டும். தந்தை வாங்கி அடுக்கியதும் தான் ஒருநாளும் தொடாததுமான பயண நூல் ஒன்றைப் பிரபு எடுத்துப் புரட்டுகிறான். பாதி நூல்வரை மடிப்புகள் அறுபட்டிருக்கின்றன, அதற்குமேல் இல்லை. விளிம்புகள் பிசிறடித்திருப்பதைப் பார்த்து, கத்திக்குப் பதிலாகக் கொண்டை ஊசி பயன்பட்டிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறான். அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவள் எந்தப் பக்கத்தில் நிற்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. இப்படி ஓர் அறிமுகத்தை நான் எந்தக் காதல் கதையிலும் படித்ததில்லை.

ஆனால் அந்தப் பக்கங்களில் ஒரு கறைகூட இல்லை என்று தொடராசிரியர் எழுதியிருந்த வரியில் சற்றுத் தயங்கினேன். வீட்டார் கண்விழிக்கும் முன்பே எழுந்து, கணப்புகளின் சாம்பலை அள்ளி, இரும்புக் கம்பிகளுக்குக் கருமைப் பொடி தேய்த்து மெருகேற்றி, நெருப்பு மூட்டி, வெந்நீர்க் குடங்களை மாடிக்குச் சுமந்தவளின் விரல்கள் அவை. ரேகைகளில் ஏறிய அந்தக் கருமை ஒரு கழுவலில் போகாது. படிப்பதற்கு அவளுக்கு மிஞ்சியதோ இரவு மட்டும். அந்த இரவிலும் கிடைத்தது கொழுப்பில் வார்த்த மெழுகுவத்தி. அது புகையும், நாறும். திரியைக் கத்தரித்துக்கொண்டே இருக்காவிட்டால் வெளிச்சம் மங்கிவிடும். 1831வரை இங்கிலாந்தில் மெழுகுவத்திக்கே வரி இருந்தது. சொந்தமாகப் புத்தகம் வாங்குவதென்பது அவளால் நினைத்துப் பார்க்கவும் முடியாத செலவு: மூன்று பாகங்களாக வந்த புது நாவல் ஒன்றின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ், ஆண்டுக்குப் பன்னிரண்டு பவுன் சம்பளம் பெறும் பணிப்பெண்ணுக்கு அது ஒன்றரை மாத ஊதியத்துக்கும் மேல். இவற்றில் ஓரிரண்டாவது கதைக்குள் வந்திருந்தால், அவள் படித்த ஒவ்வொரு பக்கமும் உறக்கத்தைக் கொடுத்து வாங்கிய பக்கம் என்பது வாசகருக்குப் புரிந்திருக்கும்.

இது வெறும் கற்பனையும் அன்று. 1722இல் பிறந்த மேரி லீப்பர் தோட்டக்காரர் ஒருவரின் மகள். நார்த்தாம்ப்டன்ஷயரில் பெரிய வீட்டுச் சமையலறையில் வேலை பார்த்தவர். இறைச்சியைச் சுழற்றும் கம்பி அசையாமல் நிற்க, இறைச்சி தீய்ந்துகொண்டிருக்க, அவர் பேனாவை எடுத்துக் கவிதை எழுதிக்கொண்டிருப்பார் என்று அவரைப் பணியில் வைத்திருந்த வீட்டார் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அம்மை கண்டு 1746இல், இருபத்து நான்கு வயதில் இறந்தபோது அவரிடம் இருந்தவை பதினாறோ பதினேழோ நூல்கள். கவிதைகள் அச்சேறியது அதற்குப் பிறகுதான். அவரைத் தேடி எந்தப் பிரபுவும் வரவில்லை. வராததால் அவருடைய வாசிப்பு ஒரு துளியும் குறைந்துபோகவில்லை.

தொடரில் எனக்கு உறுத்திய இன்னொன்று, பிரபு நூலகத்தின் சாவியை அவளிடம் கொடுக்கும் அத்தியாயம். அதை முழுக்க முழுக்கக் காதலின் பரிசாகவே தொடராசிரியர் காட்டிவிட்டார். வேலையைவிட்டு நீங்கும் பணியாளருக்கு நற்சான்று எழுதித் தர வேண்டும் என்று எந்த எசமானரையும் அன்றைய இங்கிலாந்துச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அந்தக் கடிதம் இல்லாத பெண்ணுக்கு நல்ல வீடுகளின் கதவு திறப்பது அரிது. அப்படியிருக்க, அவன் நீட்டும் சாவியை வாங்கினாலும் அவளுக்கு ஆபத்து, மறுத்தாலும் ஆபத்து. வீட்டு நிர்வாகியான மூத்த பெண்மணி என்ன நினைப்பாள், நாளை அவன் மனம் மாறினால் தன் கதி என்ன என்ற நடுக்கம் அந்த ஓர் இரவிலாவது அவளுக்கு வந்திருக்க வேண்டாமா? அந்த நடுக்கத்தைக் கடந்தும் அவள் அவனை நம்பினாள் என்றால்தான் அந்த நம்பிக்கைக்கு எடை கூடும். காதலைக் குறைத்து எழுதச் சொல்லவில்லை. அவள் எதைப் பணயம் வைத்துக் காதலித்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம் என்கிறேன்.

பிரபுக்கள் பணிப்பெண்களை மணந்ததுண்டா என்று ஒரு வாசகர் சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஐயம் எழுப்பியிருந்தார். உண்டு. சசெக்ஸ் மாவட்டத்தின் அப்பார்க் மாளிகைக்கு உரியவரான சர் ஹாரி ஃபெதர்ஸ்டன்ஹா, 1825இல், எழுபது வயதைக் கடந்த நிலையில், தம் பால்பண்ணையில் வேலைசெய்த மேரி ஆன் புல்லக் என்ற இளம்பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். அவரைப் பாரிசுக்கு அனுப்பிப் படிக்கவைத்ததாகவும் சொல்வார்கள். 1846இல் சர் ஹாரி மறைந்தபோது மாளிகை அந்தப் பெண்ணுக்கே வந்தது. அவருக்குப் பின் அவருடைய தங்கைக்குப் போனது. அந்தத் தங்கையிடம் 1880 முதல் வீட்டு நிர்வாகியாக இருந்தவரின் மகன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மாளிகை நூலகத்துப் புத்தகங்களை எடுத்துப் படித்தான். பின்னாளில் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் என்று உலகம் அறிந்தவர் அவர்தான். பால்பண்ணைப் பெண் மணப்பெண்ணானது புத்தகத்தால் அன்று. பணிப்பெண்ணின் மகன் படித்தது காதலுக்காகவும் அன்று. ஒரே கூரையின்கீழ் நடந்த இந்த இரண்டையும் நினைக்கும்போது, வாசிப்பைப் பிரபுவின் மனைவியாவதற்குரிய தகுதிச் சீட்டாக ஆக்கும் கதைகள்மீது எனக்கு மனக்குறை கூடுகிறது.

ஏனெனில் இத்தொடரில் நடந்திருப்பதும் அதுவே. திருமணம் நடந்த பிறகு நான்கு அத்தியாயங்கள் வருகின்றன. பட்டாடை வருகிறது, லண்டன் விருந்து வருகிறது, முகம் சுளித்த மாமியார் மனம் இளகுவதும் வருகிறது. அந்த நான்கு அத்தியாயங்களிலும் அவள் ஒரு புத்தகத்தைக்கூடத் திறக்கவில்லை. நான் திரும்ப எடுத்துச் சரிபார்த்தேன். கொழுப்பு மெழுகுவத்தியின் புகையில் கண் எரியப் படித்தவள், தேன்மெழுகு விளக்குகள் வரிசையாக எரியும் வீட்டுக்குத் தலைவியானதும் படிப்பதை விட்டுவிட்டாள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிரபுவின் கண்ணில் படுவதற்காகத்தானா அத்தனை இரவுகளும்? அவளை அறிந்த எந்த வாசகரும் அப்படி நினைக்கமாட்டார்.

இத்தொடர் நூலாக வரவிருப்பதாகச் சென்ற இதழில் அறிவித்திருக்கிறீர்கள். தொடராசிரியரிடம் என் வேண்டுகோளைச் சேர்ப்பியுங்கள். அந்தப் பயண நூலின் பிற்பாதி இன்னும் அறுபடாமலே கிடக்கிறது. கடைசி அத்தியாயத்தில், வீடு உறங்கிய பிறகு, அவள் அதை எடுத்து, விட்ட பக்கத்திலிருந்து மடிப்பை அறுக்கட்டும். காகிதக் கத்தி மேசைமேலேயே இருந்தாலும் கை பழக்கத்தில் கொண்டை ஊசிக்குப் போகட்டும். பிரபு அந்தக் காட்சியில் வர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி