தானியேலின் பத்து நாட்களும் என் நாற்பது நாட்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துக்கள். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலமான லெந்து நாட்களில், வேதத்தில் வரும் தானியேலைப் போல மரக்கறி மட்டும் சாப்பிடும் ‘தானியேல் உபவாசம்’ இருந்து உடல் எடையைக் குறைப்பது எப்படி என்று உங்கள் மார்ச் இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. கூடவே ஒரு நாளைக்கு 1,200 கலோரி என்று ஓர் உணவு அட்டவணையும் இருந்தது. எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கிட்டத்தட்ட அதே மாதிரி ஓர் அட்டவணையில்தான் என் வியாதி ஆரம்பித்தது.

அப்போது எனக்கு 19 வயது. கல்லூரி விடுதியில் இருந்தேன். லெந்து தொடங்கும் சாம்பல் புதனன்று காலைச் சாப்பாட்டை விட்டேன். இரண்டாவது வாரம் மதியச் சாப்பாடும் போனது. ஜெபத்துக்கென்று ஒதுக்கிய நேரத்தில் போனில் கலோரிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈஸ்டர் வந்தது, எல்லாரும் உபவாசத்தை முடித்தார்கள். என்னால் முடிக்க முடியவில்லை. ஊருக்குப் போனபோது, “எட்டி, நல்லா மெலிஞ்சிட்டியே, இப்பதான் பாக்க லெச்சணமா இருக்க” என்று ஆலயத்தில் அக்காமார் பாராட்டினார்கள். வாலிபர் கூட்டத்தில் என் உபவாசத்தைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். மாதவிலக்கு நின்று அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கடைசியில் ஒரு ஞாயிறு, பாடகர் குழுவில் நின்று பாடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தேன்.

மருத்துவர் சொன்ன பெயர் அனோரெக்சியா நெர்வோசா, எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் தன்னையே பட்டினி போட வைக்கும் உணவுக்கோளாறு. மனநோய்களில் மிக அதிகமாக உயிரைக் குடிக்கும் நோய்களில் இதுவும் ஒன்று என்பது அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது. மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் மூன்று முறை சிற்றுண்டி, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் சாப்பிட வேண்டும் என்பதுதான் எனக்கு எழுதிக் கொடுத்த முதல் மருந்து.

சாப்பிடுவதைவிடக் குற்றவுணர்வுதான் கஷ்டமாக இருந்தது. இருபத்துநாலு மணி நேரமும் சாப்பாட்டு நினைப்பு. நடுராத்திரி பிரியாணி வீடியோ பார்ப்பேன், அப்புறம் முழங்காலில் நின்று “ஆண்டவரே, என் பெருந்தீனியை மன்னியும்” என்று அழுவேன். இதைக் கேட்ட மருத்துவர் எனக்கு ஒரு பழைய ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். 1944 கடைசியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் பட்டினி கிடந்த ஜனங்களை எப்படித் தேற்றுவது என்று கண்டுபிடிக்க 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து பசியோடு இருந்தார்கள். மனசாட்சிக்காக ஆயுதம் எடுக்க மறுத்தவர்கள் அவர்கள். குவேக்கர், மெனோனைட், பிரதரன் போன்ற சமாதானச் சபைகளிலிருந்து வந்தவர்கள் பலர். நல்ல ஆரோக்கியம் உள்ள, பக்தியுள்ள பிள்ளைகள். ஆறு மாதம் அவர்களுக்கு நாளுக்குச் சுமார் 1,570 கலோரி கொடுத்து, வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வைத்தார்கள். கொஞ்ச நாளில் அவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள், தட்டை நக்கினார்கள், எப்போதும் குளிர் என்றார்கள், எரிந்து விழுந்தார்கள், துக்கத்தில் மூழ்கினார்கள். திரும்பச் சாப்பாடு கொடுத்த பிறகும் பலருக்குச் சாப்பாட்டு நினைப்பு அடங்க மாதக்கணக்கில் ஆனது.

இதைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். நான் பாவம் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது பட்டினி கிடக்கும் எந்த மனிதனுக்கும் வருவது. அந்த 36 பேருக்குக் கொடுத்ததை ‘அரைப்பட்டினி’ என்றுதான் விஞ்ஞானிகள் எழுதிவைத்தார்கள். அவர்கள் ஆண்கள், நிறைய நடந்தவர்கள், பெண்களான எங்களுக்கு அத்தனை தேவைப்படாது என்று சொல்லலாம். சரி. ஆனாலும் உங்கள் அட்டவணையில் இருப்பது அதையும்விடக் குறைவு. அதை எத்தனை வாலிபப் பிள்ளைகள் வெட்டி எடுத்து வைத்திருப்பார்களோ என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இப்போது தானியேலுக்கு வருகிறேன். தானியேல் புத்தகத்தின் முதலாம் அதிகாரத்தைத் தயவுசெய்து இன்னொரு தரம் வாசித்துப் பாருங்கள். பாபிலோன் ராஜாவின் போஜனத்தால் தீட்டுப்படக்கூடாது என்பதற்காகத்தான் தானியேலும் அவர் நண்பர்களும் பருப்பும் மரக்கறியும் கேட்டார்கள். உங்கள் முகம் வாடிப்போனால் ராஜா என் தலையை எடுத்துவிடுவாரே என்று அந்த அதிகாரி பயப்படுகிறான். பத்து நாள் கழித்துப் பார்த்தால், மற்ற எல்லா வாலிபரையும்விட அவர்கள் முகம் களையாகவும் சரீரம் புஷ்டியாகவும் இருந்தது என்று பதினைந்தாம் வசனம் சொல்கிறது. புஷ்டியாக! எடை குறைக்க ஆசைப்படும் ஒருவர் எப்படி இந்த அதிகாரத்தை எடுத்தார் என்று எனக்குப் புரியவில்லை. ‘உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம்’ என்ற வசனத்தையும் அந்தக் கட்டுரை இடுப்பளவுக்காக எடுத்திருந்தது. பவுல் அங்கே கொரிந்து சபையாரிடம் பேசுவது வேசித்தனத்தைப் பற்றி.

தேறிவரும் காலத்தில் இந்தப் பேச்சுகளிலிருந்து தப்பிக்க இடமே கிடையாது. கல்யாண வீட்டில் பெரியம்மா ஆசையாகக் கன்னத்தைத் தொட்டு, “நல்லா உடம்பு வச்சிட்ட” என்பார். அவருக்கு அது சந்தோஷம். எனக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்காது. அதற்கு நான் என்னைப் பழக்கிக்கொண்டேன். எடை பார்க்கும் மெஷினை வீட்டை விட்டு அனுப்பினோம், போனில் இருந்த கணக்கையும் அழித்தேன். ஆனால் ஆலயமும் அதையே பேசினால் நான் எங்கே போவேன்? மெலிந்தவர்களுக்கு மட்டும் உள்ள கஷ்டமும் இல்லை இது. அடக்கமுடியாமல் சாப்பிட்டுவிட்டு வேதனைப்படுகிறவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். பட்டினி கிடக்கக் கிடக்க அவர்களுக்கு அந்த வேகம் கூடத்தான் செய்யும். அவர்களைப் பார்த்தால் யாருக்கும் நோய் என்றே தோன்றாது. உபவாசம் இருந்தால் சரியாகிவிடும் என்றுதான் சொல்வார்கள்.

என்னைத் தூக்கி நிறுத்தியது மாற்கு ஐந்தாம் அதிகாரம். யவீருவின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ‘தலீத்தாகூமி’, அதாவது ‘சிறுபெண்ணே எழுந்திரு’ என்று சொல்லி, செத்துப்போன அவளை ஆண்டவர் எழுப்பினதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அதற்கு அடுத்தாற்போல அவர் சொன்னதை யாரும் பிரசங்கித்துக் கேட்டதில்லை. அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்கிறார். சுற்றிலும் எல்லாரும் திகைத்து நிற்கிறார்கள், அவருக்கு அந்தப் பிள்ளையின் பசி ஞாபகம் இருக்கிறது. தட்டுக்கு முன்னால் கை நடுங்கின நாட்களில் அந்த வசனத்தை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் இட்லியைப் பிய்த்தேன்.

உபவாசமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பாட்டி கடைசிவரை வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தவர், அவர் ஜெபத்தில்தான் நான் பிழைத்தேன் என்று நம்புகிறேன். கத்தோலிக்கச் சபையில் ஒருசந்திக்கு, அதாவது ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு சாப்பிடும் உபவாசத்துக்கு, 18 முதல் 59 வரை என்று வயது வரம்பே உண்டு, நோயாளிகளை அதில் கட்டாயப்படுத்துவதும் இல்லை. நம் சபைகளில் அப்படி ஒரு வார்த்தை யாரும் சொல்வதில்லை.

அடுத்த வருடம் லெந்து இதழில் உபவாசத்தைப் பற்றி எழுதும்போது கிலோ கணக்கையும் கலோரி அட்டவணையையும் விட்டுவிடுங்கள். உணவுக்கோளாறு உள்ளவர்களும் அதிலிருந்து தேறிவருகிறவர்களும் சாப்பாட்டை விடக்கூடாது, மருத்துவர் சொன்னபடி சாப்பிடுவதே அவர்களுடைய கீழ்ப்படிதல் என்று ஒரு பத்தி போடுங்கள். அதை ஓர் ஆயர் எழுதினால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் அம்மா நான் சொன்னதைவிட எங்கள் சபை ஐயர் (ஆயரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) சொன்னதைத்தான் முதலில் நம்பினார்கள்.

போன மாதம் எங்கள் ஆலயத்தில் அசனம், அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து, நடந்தது. எட்டு வருடத்துக்குப் பிறகு பந்தியில் உட்கார்ந்து, சோறும் ஆட்டுக்கறியும் எல்லாரோடும் சாப்பிட்டேன். அம்மா எதிர்வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பாளையங்கோட்டை

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இதே கஷ்டத்தில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது எழுதினால், அந்தக் கடிதங்களை எனக்கு அனுப்பிவையுங்கள். எல்லாவற்றுக்கும் பதில் எழுதுவேன்.)