மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கும், மதுரையில் அவற்றுக்காக வெயிலில் அலையும் நிருபர்களுக்கும்,

வணக்கம்.

தெப்பக்குளத்தில் சிறுவன் விழுந்துவிட்டான் என்று கிளம்பி, பெற்றோரே நடத்திய நாடகம் என்று முடிந்த அந்த விவகாரம் உங்களுக்கு இந்நேரம் பழைய செய்தி. எங்களுக்கு அப்படி இல்லை. அந்தக் குடும்பம் எங்கள் பகுதியில்தான் குடியிருக்கிறது. அவர்கள் பெயரையும் தெருவின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. நீங்கள் ஏற்கெனவே தேவைக்கு மேல் சொல்லிவிட்டீர்கள்.

பார்க்காதவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். குடும்பக் காணொலிச் சேனல் நடத்தும் ஒரு தம்பதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, குளக்கரையில் விளையாடிக்கொண்டிருந்த மகனைக் காணவில்லை என்று அழுதபடி நேரலையில் வந்தார்கள். படிக்கட்டில் பையனின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. ஞாயிறு மாலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்தவர் கரி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டித் தண்ணீரில் இறங்கினார். காமராசர் சாலையில் வீடுள்ள ஒரு பெரியவர், பரணில் எத்தனை வருடமாகக் கிடந்ததோ, பாதாளக் கரண்டியைக் கயிறோடு தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். இருட்டிய பிறகும் விளக்குப் போட்டுத் தேடினார்கள். பூக்காரம்மாள் ஒருவர் மாரியம்மன் கோவில் பக்கம் திரும்பி நின்று, முந்தானையை விரித்துப் பிடித்தபடி வேண்டிக்கொண்டிருந்தார். பையன் அந்நேரம் ஊருக்கு வெளியே சித்தி வீட்டில் செல்போனில் விளையாடிக்கொண்டிருந்தான்.

மறுநாள் குட்டு உடைந்தது. ஊர் கொதித்தது. அந்தக் கொதிப்பில் தவறு இருப்பதாக நான் சொல்லவில்லை.

இந்த ஊர் முன்பின் தெரியாத குழந்தைக்காக அழுது பழகிய ஊர். 2019 அக்டோபர் 25ஆம் தேதி மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தபோது, மதுரையிலிருந்து மீட்புக் கருவியோடு ஆட்கள் கிளம்பிப் போனார்கள். நடுவில் தீபாவளி வந்தது. எங்கள் தெருவில் பட்டாசுப் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்த வீடுகள் உண்டு. 29ஆம் தேதி அதிகாலை அந்தக் குழந்தையை உடலாகத்தான் எடுத்தார்கள். அந்த நாட்களில் உங்கள் தொலைக்காட்சிகளைத்தான் கண் மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்படிப்பட்டவர்களின் பதற்றத்தைப் பார்வையாளர் எண்ணிக்கையாக மாற்றிக்கொள்ள ஒரு தகப்பன் நினைத்தால் வயிறு எரியத்தான் செய்யும். பாதாளக் கரண்டியோடு ஓடிவந்த அந்தப் பெரியவர் அதற்குப் பிறகு ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அடுத்த முறை உண்மையாகவே ஒரு பிள்ளை விழுந்தால் அவர் ஓடிவருவாரா? வருவார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் ஒரு கணம் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்குப் பெற்றோர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இதுவரை உங்களுக்கும் எனக்கும் பேதம் இல்லை. அடுத்து நடந்ததில்தான் பேதம்.

கோபம் இரண்டே நாளில் அப்பாவை விட்டுவிட்டு மகன்மேல் ஏறியது. 'பையனும் சேர்ந்துதானே நடித்தான்', 'இந்த வயதிலேயே இவ்வளவு கள்ளத்தனமா', 'வளர்ந்தால் என்ன ஆவான்' என்று ஆளாளுக்கு எழுதினார்கள். புலி வருகிறது என்று கூவிய சிறுவனின் கதையை ஒருவர் பதிவிட, அது வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது. பதிவிட்டவர் கதையைச் சரியாகப் படிக்கவில்லை. அந்தக் கதையில் பொய் சொல்லிக் கூவியவன் சிறுவன். இங்கே கூவியவர் அப்பா. வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்லிவிட்டார். அதுகூட அவருடைய உரிமை என்று வைத்துக்கொள்வோம். பள்ளி வாசலில், தன் மகன் பக்கத்தில் அந்தப் பையனை உட்கார வைக்கக் கூடாது என்று ஒரு தாய் சண்டை போட்டதை எந்த உரிமையில் சேர்ப்பது?

இந்தக் கோபத்துக்குத் திசை காட்டியது உங்கள் மைக்.

அந்தக் காட்சியை நான் பார்த்தேன். நீங்கள் எல்லோரும் மாறி மாறி ஒளிபரப்பினீர்கள். வாசல் படியில் அம்மா நிற்கிறார். அவருடைய சேலையைப் பிடித்தபடி பையன். பையனின் முகத்தை மங்கலாக்கியிருந்தீர்கள், நன்றி. 'தம்பி, ஒளிந்துகொள்ளச் சொன்னது அப்பாவா, அம்மாவா?' என்று ஒரு குரல் கேட்கிறது. பையன் பேசவில்லை. நீட்டிய மைக்கின் பஞ்சு உறையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறான். 'பயப்படாமல் சொல்லு' என்கிறது இன்னொரு குரல். அவன் நிமிர்ந்து அம்மாவைப் பார்க்கிறான். கேமரா அம்மாவின் முகத்துக்குப் போகிறது. அதற்குக் கீழே சிவப்புப் பட்டையில் 'மௌனம் காக்கும் சிறுவன்' என்று எழுத்து ஓடுகிறது.

நான் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள். எட்டு வயதுப் பிள்ளைகளை வருடா வருடம் ஒரு வகுப்பு நிறையப் பார்த்திருக்கிறேன். 'அப்பா சொல்லித்தான் செய்தாயா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்பான். 'நீயாகத்தான் செய்தாயா?' என்று கேட்டாலும் 'ஆமாம்' என்பான். இரண்டு பதிலும் கேள்வி கேட்டவரின் முகத்தில் இருந்து எடுத்தவை. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு இரவு எட்டு மணி விவாதம் நடத்துவது உங்களுக்கே கூச்சமாக இல்லையா?

இதே போன்ற ஒன்று அமெரிக்காவில் நடந்திருக்கிறது. உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 2009 அக்டோபர் 15. கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் என்ற ஊர். வீட்டில் செய்த, பறக்கும் தட்டு வடிவிலான வெள்ளி நிற ஹீலியம் பலூன் ஒன்று கட்டவிழ்ந்து பறந்துவிட்டது. ஆறு வயது மகன் அதற்குள் இருக்கிறான் என்று பெற்றோர் சொன்னார்கள். பலூன் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் பறந்தது. ராணுவப் படை ஹெலிகாப்டர்கள் பின்னால் போயின. டென்வர் விமான நிலையத்தில் விமானங்களைத் திசைமாற்ற வேண்டியதாயிற்று. உலகமே நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தது. பலூன் தரையிறங்கியபோது உள்ளே யாரும் இல்லை. வழியில் விழுந்துவிட்டானோ என்று வயல்வெளிகளில் தேடினார்கள். கடைசியில் வீட்டில் கார் நிறுத்தும் அறைக்கு மேலே உள்ள பரணில் பையன் இருந்தான்.

அன்று இரவே சிஎன்என் தொலைக்காட்சியில் குடும்பம் முழுவதும் வந்து உட்கார்ந்தது. கூப்பிட்டபோது ஏன் வரவில்லை என்ற கேள்வி பையனிடம் போனது. நிகழ்ச்சிக்காகத்தான் இதைச் செய்தோம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று பெற்றோரைப் பார்த்துச் சொல்லிவிட்டான். போலீஸ் அதிகாரிகள் கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்னால், ஆறு வயதுக் குழந்தையின் வாயிலிருந்து உலகம் செய்தியைப் பிடுங்கிக்கொண்டது. மறுநாள் காலை இரண்டு வெவ்வேறு தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில், நேரலையிலேயே, அந்தப் பையன் வாந்தி எடுத்தான். ஒரு முறை எடுத்தவுடனே அவனை வீட்டுக்குள் தூக்கிப் போயிருக்க வேண்டும். அடுத்த நிகழ்ச்சியிலும் உட்கார வைத்தார்கள். பெற்றோரைத் திட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த இரண்டு நிகழ்ச்சிகளிலும் 'போதும், நிறுத்துங்கள்' என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் கேமராவுக்குப் பின்னாலும் இருந்தார்கள்.

அதே மாதக் கடைசியில் அங்கே ஹாலோவீன் பண்டிகை. பலூன் பையன் வேடம் போட்டுக்கொண்டு பலர் கிளம்பினார்கள். சிரிக்காதவர் குறைவு.

சட்டம் தன் வேலையைச் செய்தது. இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அப்பாவுக்கு 90 நாள் சிறை, அம்மாவுக்கு 20 நாள். தேடுதலுக்கான செலவாக 36,000 டாலர் கட்ட வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு இந்தக் கதையை வைத்துக் காசு பார்க்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையை நம் நீதிமன்றங்களும் கவனிக்கலாம். ஜப்பானியக் குடியுரிமை கொண்ட தாயை நாடு கடத்திவிடுவார்களோ என்ற பயத்தில்தான் ஒப்புக்கொண்டோம், இது நாடகமே இல்லை என்று குடும்பம் பின்னர் சொன்னது. 2020 டிசம்பரில் அம்மாநில ஆளுநர் இருவருக்கும் மன்னிப்பு வழங்கினார். பெற்றோருக்குத் தண்டனையின் சுமை அதோடு இறங்கியது. பையனுக்கு எந்தத் தண்டனையும் கிடையாது. அதனால் மன்னிப்பும் கிடையாது. வளர்ந்து ஆளான பிறகும் அவனை அறிமுகப்படுத்த 'பலூன் பையன்' என்ற இரண்டு சொற்கள்தான் முதலில் வருகின்றன.

இனி நம் ஊருக்கு வருகிறேன். பெற்றோரைத் தண்டிக்கப் பையனின் வாக்குமூலம் தொலைக்காட்சியில் வர வேண்டிய அவசியமே இல்லை. அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல் கொடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றவியல் சட்டத்தின் 217ஆம் பிரிவு இருக்கிறது. ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தேவையற்ற மன வேதனைக்கு ஆளாக்கினால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 75ஆம் பிரிவு. மூன்றாண்டு வரை சிறை. 15 வயதுக்கு உட்பட்ட சிறுவனைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் காவல் நிலையத்துக்கு வரச் சொல்ல முடியாது. போலீஸ்தான் அவன் வீட்டுக்குப் போக வேண்டும். காக்கிச் சட்டைக்கே இவ்வளவு கடிவாளம். நீங்களும் வீட்டுக்குத்தான் போனீர்கள் என்று சொல்லிவிடாதீர்கள். பதினைந்து கேமராவோடு போவதற்குப் பெயர் விசாரணை இல்லை.

இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவை உங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டிவைக்கலாம். பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டும் வேறு எந்த விவரத்தையும் பத்திரிகையோ தொலைக்காட்சியோ வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பையனின் முகத்தை மறைத்த நீங்கள், அதே காட்சியில் அம்மாவின் முகத்தைக் காட்டினீர்கள். பச்சை நிறக் கதவைக் காட்டினீர்கள். சீருடையின் கட்டம் தெரிந்தது. எங்கள் பகுதியில் அந்தக் கட்டம் போட்ட பள்ளி ஒன்றே ஒன்றுதான். பிறகு எதற்கு அந்த மங்கல்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. குழந்தையின் முகம் காசாகும் என்று அந்தத் தம்பதிக்கு யார் சொல்லிக் கொடுத்தது? கொலராடோ குடும்பம் பலூனுக்கு முன்பே இரண்டு முறை ஒரு ரியாலிட்டி நிகழ்ச்சியில் தலைகாட்டியிருந்தது. தனக்கென்று ஒரு நிகழ்ச்சி கிடைக்காதா என்று அலைந்துகொண்டிருந்தது. இங்கே உங்கள் குழுமங்களின் பொழுதுபோக்குச் சேனல்களில் ஆறு வயதுக் குழந்தைகள் மேடையில் இரட்டை அர்த்தம் பேசுவதைப் பார்த்து நடுவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நிகழ்ச்சியில் குழந்தையைப் பயன்படுத்தினால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் தேசிய மயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும் என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்த வைப்புத்தொகை ரசீதுகளைப் பற்றி ஒரு சிறப்புச் செய்தித் தொகுப்பு போடுங்களேன். வீட்டுக்குள்ளேயே படப்பிடிப்பு நடத்தும் பெற்றோருக்கும் அது பாடமாக இருக்கும்.

வாசகர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அப்பாவைத் திட்டுங்கள், அந்தச் சேனலைப் பார்ப்பதை நிறுத்துங்கள். இதுபோன்ற இன்னொரு பிள்ளை உங்கள் பக்கத்து வீட்டில் இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்யுங்கள். அந்தப் பையனின் படத்தைப் போட்டு எழுதிய பதிவை மட்டும் எடுத்துவிடுங்கள்.

உங்களிடம் கேட்பதும் பெரிதில்லை. வாசல்படியில் எடுத்த அந்தக் காட்சி இன்னும் உங்கள் யூடியூப் பக்கங்களில் கிடக்கிறது. 'வைரல் சிறுவன்' என்று தேடினால் முதலில் அதுதான் வருகிறது. வகுப்பில் மற்ற பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, மைக் மாதிரி கையைக் குவித்து அவன் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்கள் என்று அங்கே வேலை பார்க்கும் என் பழைய மாணவி சொன்னாள். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்குள் அதை நீக்கிவிடுங்கள். நீக்கியதை அறிவிக்க வேண்டாம். அதற்கும் ஒரு செய்தி போட்டு, பழைய காட்சியைப் பின்னணியில் ஓட விடுவீர்கள் என்ற பயம் எனக்கு இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
தெப்பக்குளம் பகுதி, மதுரை