ஒன்பது கேள்வி

வண்டன்மேடு

அன்புள்ள மாரி,

திட்டாதே. பால்காய்ப்புக்கு வராததற்கு ஜீப் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பினேனே, அது பொய். ரிப்பேர் ஆனது நான்தான். வீடு நன்றாக இருக்கிறதாம், படிதான் செங்குத்து என்று தம்பி சொன்னான். நம் கொத்தனார் கை அப்படி!

ஆடியில் கம்பம்மெட்டு ஏறும்போது இடுப்பு பிடித்தது. தோட்டத்துக்கு ஆள் ஏற்றி 15 வருடம் அதே வளைவுகளில் வண்டியை ஒடித்தவன், இப்போது ஒரு கியர் போட்டால் கெண்டைக்கால் வரை சுரீர் என்கிறது. ஸ்கேனில் டிஸ்க் பல்ஜ், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை பிதுங்கியிருக்கிறதாம். அந்தத் தாளை ஜாதகம் மாதிரி எல்லோரிடமும் காட்டித் திரிந்தேன். மூன்று மாதம் தாண்டினால் நாள்பட்ட வலியாம். பட்டமும் வாங்கியாயிற்று.

கட்டப்பனையில் ஒரு பிசியோ பெண்ணிடம் போனேன். தாளைச் சும்மா புரட்டிவிட்டு, "சேட்டா, 50 வயதில் வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் நூற்றுக்கு 60 பேருக்கு பல்ஜ் இருக்கும்" என்றாள். எனக்குக் கோபம். காசு கொடுத்து எடுத்த ஸ்கேன்டா!

அப்புறம் குப்புறப் படுக்கவைத்து, கையூன்றி மார்பை எழுப்பச் சொன்னாள். ஏழெட்டுத் தடவை. காலில் இருந்த வலி பின்தொடைக்கு ஏறி, நடு இடுப்பில் வந்து உட்கார்ந்தது. கூடிவிட்டது என்று நான் அலற, அவள் சிரிக்கிறாள். வலி காலை விட்டு முதுகுக்குள் சுருங்கினால், பயிற்சிக்குக் கேட்கிற முதுகு என்பதற்கு நல்ல அறிகுறியாம்.

அடுத்து ஒரு தாள். இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழகத்தார் உண்டாக்கிய ஒன்பது கேள்வி. யாருக்கு லேசான பயிற்சி போதும், யாருக்கு மனசையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று அதை வைத்துப் பிரிக்கிறார்கள். "ஜோசியமில்லை சேட்டா, அளவெடுப்புதான்" என்றாள். உடம்பை அசைப்பது ஆபத்து என்று நினைக்கிறீர்களா? ஆமாம். இது இனி சரியாகவே போவதில்லை என்று தோன்றுகிறதா? அவள் முடிக்கும் முன்பே ஆமாம் என்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மாரி, அந்தப் பார்வைதான் இதை எழுத வைக்கிறது. வெளியே வந்தால், வாசலில் என் செருப்பைத் திருப்பிக் காலுக்கு நேராக வைத்துக்கொண்டிருக்கிறாள். இத்தனை மாதமாக அவள்தான் வைத்திருக்கிறாள், நான் கவனிக்கவே இல்லை. குனிந்தால் முறிந்துவிடும் என்று வீட்டையே நம்பவைத்திருக்கிறேன். அந்த நம்பிக்கையும் பயமும்தான் பல்ஜை விடப் பயிற்சியைக் கெடுக்குமாம்.

இப்போது ஆறாவது வாரம். டவுன் வரை நடக்கிறேன். காலில் வலி இறங்குவதில்லை, காலையில் இடுப்பு மட்டும் முறைக்கும். நேற்று செருப்பை நானே குனிந்து எடுத்தேன். செல்வி, "மெதுவா" என்று கத்தினாள். பழக்கம்.

பொங்கலுக்கு வருகிறேன், பஸ்ஸில். ஜன்னல் சீட் எனக்கு, பழைய கணக்கு ஞாபகமிருக்கிறதல்லவா?

உன்,
சேது