எந்த ஊரு, எந்தத் தெரு? மதுரை ஹவுஸ் ஓனர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விடும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

போன மாதம் என் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு நாகமலை புதுக்கோட்டையில் இரண்டு நாள் அறை தேடி அலைந்தேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. சேர்ந்திருக்கிறான். 'டு லெட்' அட்டை தொங்கிய கேட்டுகளில் பாதிக்கு மேல், அதற்குக் கீழேயே 'குடும்பத்தினருக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. சரி, அது வெளிப்படையாகவாவது இருக்கிறது. பெல் அடிக்கிற வேலை மிச்சம்.

ஒரு வீட்டில் ஓனர் ஐயா உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பையனின் மார்க்கைக் கேட்டு நிஜமாகவே சந்தோஷப்பட்டார். அப்புறம், "எந்த ஊரு?" என்றார். கமுதிப் பக்கம் என்று ஊர்ப்பெயரைச் சொன்னோம். "அங்க எந்தத் தெரு?" என்றார்.

பையனுக்குப் புரியவில்லை. "தெருப்பேரெல்லாம் இல்ல அங்கிள், பின்கோடு சொல்லவா?" என்றான். அவர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "கோயில் பக்கமா, கம்மாய்ப் பக்கமா?"

எனக்குப் புரிந்தது, தெருவைக் கேட்டுச் சாதியைக் கேட்கிறார். 2015ல் எம்.ஏ. படிக்க ஒரு டிரங்குப் பெட்டியோடு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அங்கிருந்து பல்கலை நகர் பஸ் பிடித்துப் போய் அறை தேடியபோது இதே கேள்வியை வேறொருவர் கேட்டார். எங்கள் ஊரில் கோயில் இல்லாத தெரு ஏது? "கோயில் பக்கந்தாங்க" என்றேன். "எந்தக் கோயில்?" என்று அடுத்த கேள்வி வந்தது. பதில் சொன்னேன். "வீட்ல கலந்துக்கிட்டு போன் பண்றேன் தம்பி" என்றார். பத்து வருஷம் ஆகிறது. இன்னும் கலந்துகொண்டிருக்கிறார் போல.

நான் எந்தத் தெரு என்பதை இந்த மடலில் எழுதப் போவதில்லை. நீங்கள் இதைப் படித்துக்கொண்டே அதை யோசிக்கிறீர்கள் என்றால், இந்த மடல் உங்களுக்குத்தான்.

நான் இருந்தது மொத்தம் மூன்று அறைகளில். பல்கலைக்கழக விடுதிக்கு விண்ணப்பிக்கும் தேதியைத் தவறவிட்டது என் தப்பு, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு 'மதுரையில் படிக்கிறான்' என்றால் கோபுரத்தைச் சுற்றி நாலு தெரு நினைவுக்கு வரும். படிக்கிற இடமோ தேனி ரோட்டில் ஊரைவிட்டுப் பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளி, நாகமலை ஓரத்தில் இருக்கிறது. 1966ல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியபோது தெ.பொ.மீனாட்சிசுந்தரனார் முதல் துணைவேந்தர். 1978ல் காமராசர் பெயர் சேர்ந்தது. ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்த மனிதரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிற பையனைத்தான் நீங்கள் கேட்டில் நிறுத்தி வைத்து ஊர் வரைபடம் கேட்கிறீர்கள். வகுப்பு காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலையில் முடிந்துவிடும். மற்ற நேரமெல்லாம் நாங்கள் உங்கள் மாடியில்தான் இருக்கிறோம். பல்கலைக்கழகத்தின் பாதி உங்கள் மாடியில் நடக்கிறது. துணைவேந்தருக்கு மடல் எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் அதுதான்.

முதல் அறை நாகமலை புதுக்கோட்டையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வாடகை 2,500, அட்வான்ஸ் 15,000. நானும் உசிலம்பட்டிப் பையன் ஒருவனும். ஐந்தே மாதத்தில் காலி செய்தோம். எனக்குச் சிம்மக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மாலை வேலை கிடைத்தது, கடை மூடி நான் வந்து சேர ராத்திரி பத்தரை ஆகும், கேட்டை ஒன்பதுக்குப் பூட்டிவிடுவார்கள். இரண்டு வாரம் சுவர் ஏறிக் குதித்தேன். மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டு நாய் என்னை அடையாளம் தெரிந்துகொண்டு குரைப்பதை நிறுத்தியது. ஓனர் அம்மாவுக்கு மட்டும் கடைசி வரை அடையாளம் தெரியவில்லை, திருடன் என்று ஒரு நாள் தெருவையே கூட்டிவிட்டார்.

அட்வான்ஸ் கணக்கு முடித்த நாளைச் சொல்ல வேண்டும். அம்மா கையில் ஒரு நாப்பது பக்க நோட்டு. வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடித்தம். அதை முன்னாலேயே சொல்லியிருந்தார், ஒத்துக்கொண்டோம். அப்புறம் சுவரோரமாக நடந்து ஆணிகளை எண்ண ஆரம்பித்தார். ஏழு. ஆணிக்கு ஐம்பது ரூபாய், ஆக முந்நூற்று ஐம்பது. அதில் நான்கு ஆணி நாங்கள் வரும்போதே இருந்தவை, ஒன்றில் முன்னால் இருந்தவர்களின் 2013ஆம் வருஷத்துக் காலண்டர்கூடத் தொங்கியது. அதைக் காட்டினோம். "காலண்டர் பழசா இருந்தா ஆணியும் பழசா?" என்று கேட்டார். அந்தத் தர்க்கத்துக்கு எம்.ஏ. முதலாண்டு மாணவர்கள் இருவரிடமும் பதில் இல்லை.

கரண்ட் பில்லும் அப்படித்தான். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்கினார்கள். வீட்டு இணைப்புக்கு முதல் யூனிட்டுகளுக்கு ரேட்டு ரொம்பக் குறைவு என்பது எங்களுக்கும் தெரியும். அந்தக் குறைந்த ரேட்டு யாருக்குப் போனது என்று கேட்டதற்கு, "உங்களாலதான் 500 தாண்டி ரேட்டு ஏறுது" என்று பதில் வந்தது. அதிலும் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. அளவு தாண்டினால் கட்டணம் எகிறத்தான் செய்யும். பில்லைக் காட்டிப் பங்கு பிரித்தால் ஒரு பேச்சும் இல்லை. காட்டாமல் கேட்கும்போதுதான் மனசு கோணுகிறது.

இரண்டாவது அறை செல்லூரில், வைகைக் கரைக்குப் பக்கம். நல்ல அறை, காற்று வரும், ஓனர் அண்ணனும் தங்கமான மனிதர்தான். ஆனால் 2016 ஏப்ரலில் ஒரு நாள் மாடிக்கு வந்து, "தம்பிகளா, திருவிழாவுக்குச் சொந்தக்காரங்க வர்றாங்க. ரெண்டு நாள் ஊருக்குப் போய்ட்டு வாங்களேன்" என்றார். ஆற்றங்கரை வீடு, அழகர் இறங்குவதைப் பார்க்க ஆள் வருவார்கள் என்பது நியாயம்தான். எங்களுக்கு திங்கட்கிழமை செமஸ்டர் பரீட்சை. ஊருக்குப் போய்த் திரும்பினால் ஒரு நாள் பஸ்ஸிலேயே போய்விடும். வாடகை கொடுத்த அறையிலிருந்து வாடகைக்காரன் ஏன் போக வேண்டும் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அடுத்த மாதம் அதே மாடியில் இருக்க வேண்டுமே!

அன்று எதிர்சேவை, மதுரைக்கு வரும் அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் நாள். துண்டில் சுற்றிய நோட்டுகளோடு தல்லாகுளம் போனோம். ஊரே விழித்திருக்கும் ராத்திரி அது. ஒரு மண்டகப்படிப் பந்தல் ஓரத்தில், டியூப் லைட்டுக்குக் கீழே தொல்காப்பியம் சொல்லதிகாரத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பீச்சாங்குழலோடு திரிந்த ஒரு பொடியன் தண்ணீர் பீய்ச்சி அடித்ததில் வேற்றுமையியல் பக்கம் முழுக்க மை கரைந்தது. நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "படிங்கய்யா, அழகர் பார்த்துக்குவாரு" என்று ஆளுக்கு இரண்டு தம்ளர் கொடுத்தார். விடிகாலை அழகர் ஆற்றில் இறங்கியதைத் தூரத்திலிருந்து பார்த்தோம். அந்தப் பேப்பரில் எனக்கு 58 மார்க். வேற்றுமையில் கேள்வி வந்தது.

இப்போது சொல்லும்போது சிரிப்பாக இருக்கிறது. கூட இருந்தவன் இன்று வரை சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்கு வருவதில்லை.

உங்கள் பக்கமும் எனக்குத் தெரியும். ரிட்டயர்டு ஆன பணத்தில் ஒரு மாடி எழுப்பி, அந்த வாடகையில் மாத்திரை வாங்குகிறவர்கள் உங்களில் நிறையப் பேர். இரண்டு பேர் என்று சொல்லிவிட்டு நான்கு பேர் தங்குகிறோம். பரீட்சை நேரத்தில் நாங்கள் ஆறு பேர்கூட இருந்திருக்கிறோம். மொட்டை மாடியில் பாட்டில் கிடந்ததும் உண்மை. இரண்டு மாத வாடகை பாக்கியோடு நம்பரை மாற்றிக்கொண்டு போன ஒருவனை எனக்கே தெரியும். அதனால்தான் இதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும் என்கிறேன். 2017ல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத பட்சத்தில் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் கூடாது. போன மாதம் ஒரு வீட்டில் 5,500 வாடகைக்கு 50,000 அட்வான்ஸ் கேட்டார்கள். அக்கா வீட்டில் ஒரு மாடு அந்த விலைக்குப் போகும். பையன் படிக்க மாட்டை விற்பது புதிதில்லை, ஆனால் அது கல்விக் கட்டணத்துக்கு என்றால் மனசு ஆறும்.

பெண்கள் விடுதி நடத்துகிறவர்களிடம் தனியாக ஒன்று. என் வகுப்புத் தோழி தங்கியிருந்த இடத்தில் ஓர் அறைக்கு ஆறு கட்டில், ஜன்னலெல்லாம் கம்பி வலை, இறங்க ஒரே படிக்கட்டு, ஒன்பது மணிக்கு அதன் அடியில் வெளிப்பூட்டு. பாதுகாப்பு என்றார்கள். 2024 செப்டம்பரில் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம், கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் விடிகாலையில் ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்துப் பெண்கள் இறந்தபோது எனக்கு அந்தப் படிக்கட்டுதான் கண்ணுக்கு வந்தது. பெண்கள் விடுதிகளைப் பதிவு செய்து நடத்தத் தமிழ்நாட்டில் 2014லேயே சட்டம் வந்துவிட்டது. சான்றிதழை ஃபிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவது இருக்கட்டும், பூட்டின் இன்னொரு சாவி உள்ளே யாரிடமாவது இருக்கிறதா?

மூன்றாவது அறை ஆரப்பாளையத்தில். பெரியம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், வாசலில் இட்லிக் கடை போட்டிருந்தார். அறை கேட்டுப் போனபோது அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்ப?" நாலரைக்கு மோட்டார் போடுவார். எழுந்து கீழே இருக்கிற டிரம்மையும் சேர்த்து நிரப்ப ஆள் வேண்டும். அவ்வளவுதான் தகுதி. ஊரைக் கேட்கவில்லை, தெருவைக் கேட்கவில்லை. வாடகை ஐந்தாம் தேதி கையில் இருக்க வேண்டும். ஒரு மாதம் எட்டாம் தேதி ஆனதற்கு இட்லிக்குச் சட்னி வைக்கவில்லை. உதவித்தொகை வர ஆறு மாதம் இழுத்தபோது மட்டும், "வந்ததும் குடு" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். வந்ததும் ஒரு ரூபாய் குறையாமல் வாங்கிக்கொண்டார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. தானம் என்று ஒன்றுமில்லை, கணக்கு என்று மட்டும் இருந்தது. நான் கடையிலிருந்து வரும் வரை மாடிப்படி பல்பு எரியும். என் எம்.ஏ. அந்தப் பல்பில்தான் முடிந்தது.

உங்களிடம் நான் பெரியம்மாவாக மாறச் சொல்லவில்லை. மாட்டுத்தாவணியிலும் ஆரப்பாளையத்திலும் இந்த ஆடியில் பையோடு இறங்குகிற பிள்ளைகளிடம் என்னென்ன கேட்கலாம் என்று மட்டும் சொல்கிறேன். ஆதாரைக் கேளுங்கள். கல்லூரி ஐ.டி. கேளுங்கள். அப்பா போன் நம்பரைக் கேளுங்கள், அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். எத்தனை பேர் தங்குவீர்கள், சமைப்பீர்களா, பைக் இருக்கிறதா என்று கேளுங்கள். அசைவம் கூடாது என்றால் அதை முதலிலேயே போர்டில் எழுதுங்கள், வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகு சொல்லாதீர்கள். நத்தம் ரோட்டில் 2023ல் கலைஞர் நூலகம் வந்த பிறகு நிறையப் பிள்ளைகள் சாயங்காலம் அங்கே போய்ப் படிக்கிறார்கள். அங்கிருந்து நாகமலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கேட் சாவி ஒன்று அவர்கள் கையில் இருந்தால் நாய்களுக்கும் நல்லது. ஏப்ரலில் விருந்தாள் வந்தால் உங்கள் ஹாலில் படுக்கட்டும்.

கோயில் பக்கமா கம்மாய்ப் பக்கமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

அக்கா மகனுக்கு அறை கிடைத்துவிட்டது. அச்சம்பத்து தாண்டி, முதல் மாடி, மூன்று மாத அட்வான்ஸ், பத்திரத்தில் ஒப்பந்தம். குடிபோன அன்றைக்கே சுவரில் இருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். மொத்தம் ஐந்து. ஓனர் கட்டைவிரல் ஒன்று போட்டுவிட்டு, "கதவுக்குப் பின்னாடி இன்னொண்ணு இருக்கு தம்பி, அதையும் எடுத்துக்க" என்று பதில் அனுப்பியிருக்கிறார்.

இப்படிக்கு,
மூன்று அறைகளில் எம்.ஏ. முடித்த ஒருவன்