பதில் இல்லாத பெயரை விடுவியுங்கள்: மொழிப் பொதிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மொழிப் பொதிக் குழுவில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு வேலையை எடுத்துக்கொண்டு காணாமல் போனவர்களின் பெயரைக் கோரிக்கைப் பட்டியலிலிருந்து விடுவியுங்கள் என்று ஆங்கிலத்தில் மூன்று முறை எழுதிவிட்டேன். முதல் மடலுக்கு "பார்க்கிறோம்" என்று பதில் வந்தது. மற்ற இரண்டுக்கு அதுவும் இல்லை. குழுவில் தமிழ் படிப்பவர்கள் நான்கைந்து பேராவது இருக்கிறீர்கள். அதனால் இந்த முறை தமிழில், எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

இந்தச் செயலியை நம் இயங்குதளத்தில் சேருங்கள் என்று பலர் கேட்ட நம் கோரிக்கைப் பட்டியல் எந்த நிலையில் கிடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் தொடர்பான கோரிக்கைகளை மட்டும் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தேன். சில பொதிகள், அதாவது நேரடியாக நிறுவும்படி தயாரித்த செயலிகள், வேறு பெயரில் எப்போதோ களஞ்சியத்துக்குள் வந்துவிட்டன, கோரிக்கையை யாரும் மூடவில்லை. ஒன்று பைத்தான் நிரல்மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2 இல்லாமல் ஓடாது. அந்தப் பைத்தானுக்கு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. இதெல்லாம் வெறும் குப்பை, இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, அவ்வளவுதான். என்னை எழுத வைத்தது இன்னொரு வகை. "நான் செய்கிறேன்" என்று ஒருவர் பெயர் போட்டு எடுத்துக்கொண்டு, பிறகு சத்தமே இல்லாமல் போன கோரிக்கைகள்.

தமிழ்99 விசைப்பலகைக்கான தட்டச்சுப் பயிற்சிச் செயலி ஒன்றைச் சேர்க்கச் சொல்லி 2014இல் யாரோ கோரிக்கை வைத்தார். 2016இல் இன்னொருவர், "நான் செய்கிறேன், இந்த வாரக் கடைசியில் முடித்துவிடுவேன்" என்று எழுதித் தன் பெயரில் எடுத்துக்கொண்டார். அதற்கு அப்புறம் அவரிடமிருந்து ஒரு வரி கூட இல்லை. ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

அந்தச் செயலி எங்களுக்கு எதற்கு என்று ஒரு வார்த்தை. 2020இல் பள்ளிகள் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறியபோது, சிங்கப்பூரின் ஈசூனில் நாங்கள் சிலர் பழைய மடிக்கணினிகளைச் சரிசெய்து, நம் இயங்குதளத்தைப் போட்டு, கணினி இல்லாத வீடுகளுக்குக் கொடுத்தோம். அந்த வேலை முடிந்த பிறகும் சனிக்கிழமை வகுப்பாகத் தொடர்கிறது. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பதினோரு கணினிகள், தொடக்கநிலைப் பிள்ளைகள், தமிழ்த் தட்டச்சு. செயலி பொதியாக இல்லாததால் ஒவ்வொரு கணினியிலும் மூலநிரலிலிருந்து நாங்களே தொகுத்துப் போடுகிறோம். இயங்குதளத்தைப் புதுப்பித்ததும் செயலி நம்பியிருக்கும் நிரல் நூலகங்களின் பதிப்பு மாறுகிறது, செயலி திறக்க மறுக்கிறது. மறுபடி முதலிலிருந்து.

சென்ற நவம்பரில் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர் எங்களோடு சேர்ந்தார். பெயர் சொல்லவில்லை, தம்பி என்றே சொல்கிறேன். இரண்டு வாரம் நாங்கள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, "இதை ஒரே தடவை பொதியாப் போட்டுட்டா முடிஞ்சுதே அண்ணே" என்றார். அதுவரை அவர் ஒரு பொதியும் செய்ததில்லை. நம் கொள்கை ஆவணத்தை முழுதாகப் படித்தார். படித்தவர்கள் நம்மிலேயே எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். செயலியோடு வந்த எழுத்துரு ஒன்றுக்கு உரிமம் எழுதப்படாமல் இருந்ததை அவர்தான் கவனித்தார். அதை உருவாக்கியவரைத் தேடிப் பிடித்து, யாரும் பயன்படுத்த இடம் தரும் எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தின் கீழ் தருகிறேன் என்று எழுத்தில் வாங்கினார். மூலநிரலுக்குள் நகலெடுத்துச் செருகியிருந்த பழைய நூலகத்தை நீக்கிவிட்டு, களஞ்சியத்தில் இருப்பதையே பயன்படுத்தும்படி மாற்றினார். சுத்தமான சூழலில் தொகுத்துச் சோதித்தார். பொதி விவரத்தைத் தமிழிலும் எழுதினார். தேர்வுக்குப் படித்துக்கொண்டே ஐந்து வாரம் செய்த வேலை இது.

ஜனவரியில் உங்களுக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் இரண்டு வரிப் பதில் வந்தது: இந்தக் கோரிக்கையை ஏற்கெனவே ஒருவர் எடுத்திருக்கிறார், முதலில் அவரைத் தொடர்புகொள்ளவும். தம்பி உடனே அவருக்கு எழுதினார். மின்னஞ்சல் ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தது. அந்த முகவரியின் இணையப் பெயரே இப்போது இல்லை. அதையும் உங்களிடம் சொன்னார். அடுத்தவர் எடுத்த வேலையில் கை வைப்பது முறையல்ல, கொஞ்சம் காத்திருங்கள் என்றீர்கள்.

காத்திருந்தார். பிப்ரவரி போனது, மார்ச் போனது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கேபிளைச் சுருட்டி வைக்கும்போது, "அண்ணே, ஏதாச்சும் பதில் வந்துச்சா?" என்று கேட்பார். இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. இந்தத் திட்டத்துக்கு அவரை அழைத்து வந்தவன் நான். ஏப்ரலில் அவர் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாயப் படைப் பணிக்கு, போய்விட்டார். பயிற்சி முகாம் இருக்கும் தெக்கோங் தீவுக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம், எல்லாக் கோப்புகளையும் ஒரு தம்ப்டிரைவில் போட்டு என் கையில் கொடுத்தார். "நீங்க பாத்துக்குங்க அண்ணே, நான் இனிமே எதையும் அனுப்பப் போறதில்ல." கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

2016இல் பெயர் போட்டவரை நான் குறை சொல்லவில்லை. வேலை மாறியிருக்கலாம், பிள்ளை பிறந்திருக்கலாம், உடம்பு முடியாமல் போயிருக்கலாம். தன்னார்வலர் யாருக்கும் சம்பளம் கிடையாது, விலகிப் போகும்போது கடிதம் கொடுத்துவிட்டுப் போக வேண்டிய கட்டாயமும் கிடையாது. அவர் போனது தவறில்லை. போனவரின் பெயர் அங்கேயே நிற்பதுதான் தவறு. அதை எடுக்கும் அதிகாரம் உங்களிடம் மட்டுமே இருக்கிறது.

எங்கள் ஊரில் தேக்கா உணவங்காடிக்குப் போனால் மேசையில் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடிப்பார்கள். அதை எல்லோரும் மதிப்போம். ஏனென்றால் வைத்தவர் ஐந்து நிமிடத்தில் தட்டோடு வந்துவிடுவார். காலையில் வைத்த பொட்டலம் கடை அடைக்கும் நேரத்திலும் அங்கேயே இருந்தால், மேசை துடைப்பவர் எடுத்துப் போட்டுவிட்டு நிற்பவரை உட்காரச் சொல்வார். யாரும் அதை அவமரியாதை என்று நினைக்க மாட்டார்கள்.

நம்மைப் போன்ற மற்ற இயங்குதளத் திட்டங்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டன. டெபியனில் கோரிக்கை ஒரு வகை, "நான் செய்யப்போகிறேன்" என்பது வேறு வகை. சொன்னவர் நெடுநாள் பேசாமல் இருந்தால் தலைப்பை மாற்றிப் பழையபடி வெறும் கோரிக்கையாக ஆக்கலாம். தொடர்பில் இல்லாத பராமரிப்பாளர்களை விசாரிக்க அங்கே தனிக் குழுவே உண்டு. ஃபெடோராவில் பொதியைப் பரிசீலனைக்கு அனுப்பியவர் ஒரு மாதம் பதில் தராவிட்டால் நினைவூட்டுவார்கள், மேலும் ஒரு வாரம் மௌனம் என்றால் மூடிவிடுவார்கள். ஆர்ச் லினக்ஸின் பயனர் களஞ்சியத்தில் பராமரிப்பாளரிடமிருந்து இரண்டு வாரம் பதில் இல்லையென்றால், பொதியை விடுவிக்கும்படி கேட்கலாம். நாம் ஒன்பது ஆண்டுகள் காத்திருக்கிறோம். பதில் இல்லாத பெயரை விடுவியுங்கள் என்று நான் கேட்பது புதிய யோசனை ஒன்றும் இல்லை.

பெயரை விடுவித்தால் பாதுகாப்பு என்னாவது என்று உங்களில் ஒருவர் முன்பு சொன்னார். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. எக்ஸ்.ஸெட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். களைத்துப்போயிருந்த ஒற்றைப் பராமரிப்பாளரை நெருக்கி, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்லவர் போல உழைத்து உள்ளே வந்த ஒருவர், கணினிகளுக்குள் திருட்டுத்தனமாக நுழைய அதில் பின்கதவு வைத்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் செல்லும் எஸ்.எஸ்.ஹெச். உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர் அதைக் கண்டுபிடித்து, 2024 மார்ச் 29 அன்று வெளியே சொன்னார். ஆனால் கோரிக்கைப் பட்டியலில் ஒரு பெயரை நீக்குவதும் களஞ்சியத்தின் சாவியைக் கொடுப்பதும் ஒன்றல்ல. தம்பியின் பொதியை நீங்கள் வரி வரியாகப் பரிசோதியுங்கள், குறை இருந்தால் திருப்பி அனுப்புங்கள். பரிசோதிக்கக்கூட எடுக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

பழைய கோரிக்கைகளை எல்லாம் ஒரு ரோபோ நிரலை வைத்து மொத்தமாக மூடிவிடலாம் என்று இப்போது பேச்சு அடிபடுகிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தமிழ்ப் பொதி ஒன்றுக்கு வாரா வாரம் நூறு பேர் வந்து ஆதரவு எழுத மாட்டார்கள். கேட்டவர் ஒரு தடவை கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார், தேவை மட்டும் அப்படியே இருக்கும். நிக்ஸ் திட்டத்தின் பொதித் தொகுப்பில் பல ஆண்டுகள் 180 நாள் அசைவில்லாத கோரிக்கைக்கு நிரல் ஒரு சீட்டு ஒட்டிவந்தது, மூடவில்லை. மூடுவதா வேண்டாமா என்று மனிதர்தான் பார்க்க வேண்டும்.

மனிதர் இல்லை என்பீர்கள். நம் இயங்குதளத்தின் புதிய வெளியீட்டின் பின்னணிப் படத்துக்கு எந்த நீலம் என்று இரண்டு மாதம் விவாதிக்க ஆட்கள் இருந்தார்கள். தமிழிணையத்துக்காக 1997இல் இதே சிங்கப்பூரில் கூடியவர்கள் இன்றைய இணையத்தில் பத்தில் ஒரு பங்கு வசதி கூட இல்லாமல் கூடினார்கள். தமிழ்க் கணினி முன்னோடி நா. கோவிந்தசாமி போன்றவர்கள் அதற்கு முன்பே வேலையைத் தொடங்கியிருந்தார்கள். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்துவிட்டது. இரண்டே ஆண்டுகள். அந்த விசைப்பலகையைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஒரு சிறிய செயலி நம் வாசலில் அதைப் போல நாலு மடங்குக்கு மேலான காலம் நின்றுகொண்டிருக்கிறது. நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

சரி, கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். மன்னியுங்கள்.

பெயர் போட்டவருக்கு ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். ஒரு மாதம் பதில் இல்லையென்றால், அல்லது மின்னஞ்சலே திரும்பி வந்தால், பெயரை விடுவித்துக் கோரிக்கையைத் திறந்து விடுங்கள். பின்னாளில் அவர் திரும்பி வந்தால் சேர்ந்து செய்யட்டும், யார் வேண்டாம் என்பார்கள்? இந்த விதியைக் கொள்கை ஆவணத்தில் எழுதுங்கள். பட்டியலைப் பிரித்துப் பார்க்கும் வேலைக்கு ஈசூனிலிருந்து நான் உட்பட மூன்று பேர் தயார். வகுப்பு முடிந்ததும் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காருவோம். எது ஏற்கெனவே வந்துவிட்டது, எதற்கு மூலநிரலே இல்லை, எது இன்னும் தேவை என்று பார்த்து, கேட்டவர்களுக்கு எழுதி, முடிவை உங்களிடம் கொடுக்கிறோம். மூடும் உரிமை உங்களிடமே இருக்கட்டும்.

அதுவரை, அந்த ஒரு தட்டச்சுச் செயலியின் கோரிக்கையிலிருந்து மட்டுமாவது பழைய பெயரை இந்த வாரமே எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். தம்ப்டிரைவ் என் மேசையில்தான் இருக்கிறது. தம்பி முகாமிலிருந்து வீட்டுக்கு வரும் சனிக்கிழமைகளில் இப்போதும் வகுப்புக்கு வருகிறார், கேபிள்களைச் சுருட்டி வைக்கிறார். பதில் வந்ததா என்று மட்டும் கேட்பதில்லை. அவராகக் கேட்காவிட்டாலும், வந்துவிட்டது என்று நான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
ஈசூன் சனிக்கிழமை வகுப்பின் தன்னார்வலர் ஒருவர்